ஐந்தாம் எண் எலி

பிப்ரவரி 9

சின்னவளுக்கு,

நான் போனைப் பாதியில் வைத்துவிட்டேன் என்று அப்பாவிடம் புகார் சொன்னாயாம். ஆமாம், வைத்துவிட்டேன். "இனிமே நீ பென்சிலும் ஸ்கேலும் வெச்சுக்கிட்டு உட்கார வேண்டாம்க்கா, நீ ஒரு டீ குடிக்கிறதுக்குள்ள என் புரோகிராம் முடிச்சிடும்" என்று நீ சொன்னதும் எனக்குக் காது சுட்டது. போனில் பேசினால் மறுபடியும் சண்டைதான் வரும். அதனால் எழுதுகிறேன்.

இந்த உறையில் ஒரு மெமரி கார்டு இருக்கிறது. எங்கள் ஆய்வுக்கூடத் தலைவர் அனுப்பச் சொன்னார், அனுப்புகிறேன். நானாக அனுப்பியதாக நினைத்துக்கொள்ளாதே. உன் 'சிற்றலை' மென்பொருளைப் பற்றி எங்கேயோ படித்துவிட்டு, நடைக்கூடத்தில் எல்லார் முன்னாலும் "உங்க தங்கச்சியாமே! சொல்லவே இல்லையே நீங்க?" என்று கேட்டார். அடுத்த அறை மீன்காரர் வேறு பக்கத்திலேயே நின்று சிரித்தார். மீனை வைத்து ஆராய்ச்சி செய்கிறவருக்குச் சிரிக்க நேரம் நிறைய இருக்கிறது.

உனக்கெல்லாம் எண்கள் வானத்திலிருந்து விழும். இங்கே அப்படி இல்லை. ஒவ்வொரு வயலெலிக்கும் மயக்க மருந்து கொடுத்து, வயிற்றுக்குள் ஒரு சின்னக் குப்பியை வைத்துத் தைக்க வேண்டும். கூண்டுக்கு அடியில் இருக்கும் தட்டு, அந்தக் குப்பியின் சூட்டைப் படித்து எழுதிக்கொண்டே இருக்கும். பெரிய அலை யாருக்கும் தெரியும். விழித்திருக்கும்போது சூடு ஏறும், தூங்கும்போது இறங்கும். அந்தப் பெரிய அலையின் முதுகில் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை சின்னதாக ஒரு அலை வருகிறதா, இல்லை வெறும் நடுக்கமா என்று பார்ப்பதுதான் என் வேலை. அதைக் கண்ணால் பார்த்துத்தான் என் கட்டுரையை எழுதினேன். ஆண், பெண், குட்டிக்குப் பால் கொடுப்பது என்ற வித்தியாசமே இல்லாமல் எல்லா எலிகளுக்கும் ஒரே தாளம் என்று முதலில் சொன்னவள் நான். ஞாபகம் இருந்தால் சரி.

கார்டில் எட்டுக் கோப்புகள் இருக்கின்றன. சராசரியைக் கழித்துவிட்டு ஏற்ற இறக்கத்தை மட்டும் வைத்திருக்கிறேன். எது எந்தக் கூண்டு என்று சொல்லப் போவதில்லை. உன் மென்பொருள்தான் கெட்டிக்காரியாயிற்றே.

அப்பா நன்றாக இருக்கிறார். முடி வெட்டப் போன இடத்தில்கூட உன்னைப் பற்றித்தான் பேசினாராம். முடி வெட்டுகிறவர் என்னிடமே கேட்டார்: "உங்களுக்குக் கம்ப்யூட்டர்ல ஒரு தங்கச்சி இருக்காமே, நீங்க என்ன பண்றீங்க?"

அக்கா


பிப்ரவரி 21

அக்கா,

கவர்ல உன் கையெழுத்தைப் பார்த்ததும் படியிலேயே உட்கார்ந்து பிரிச்சிட்டேன். திட்டறதுக்காகவாவது எழுதினியே. பென்சில், ஸ்கேல்னு சொன்னது கிண்டலுக்குக்கா. சொல்லி முடிக்கறதுக்குள்ள டொக்குனு வெச்சிட்ட.

சரி, முதல்ல நல்ல சேதி. எட்டுலயும் கிடைச்சிருக்கு! புரோகிராம் முதல்ல பெரிய அலையைக் கழிச்சிடும். மிச்சம் இருக்கறதைக் கன்னாபின்னானு ஆயிரம் தடவை கலைச்சுப் போட்டு, "இந்தச் சின்ன அலை தற்செயலா வந்திருக்க முடியுமா?"ன்னு தன்னையே கேட்டுக்கும். முடியாதுன்னா மட்டும்தான் பச்சை விளக்கு காட்டும். உன் எட்டுக்கும் பச்சை. அதுலயும் அந்த அஞ்சாம் நம்பர் இருக்கே! அப்படி ஒரு தாளத்தை நான் எந்த விலங்குலயும் பார்த்ததே இல்ல. அச்சுல வார்த்த மாதிரி. யாருக்கா அது? நீ சொல்வியே, கையில போட்ட கிளவுஸையே கடிச்சுத் துப்புற பெரிய பொம்பளை எலி, 'மாமியார்', அவளா?

ஜூன்ல பெரிய கூட்டம் இருக்கு. உலகத்துல உடம்புச் சூட்டை அளக்கறவங்க எல்லாரும் வருவாங்க. அதுல என் முதல் படமே அஞ்சாம் நம்பர்தான். கீழே உன் பேரைப் போடறேன், "விலங்குகள் தந்து உதவியவர்"னு. சரிதானே?

அப்பாவைப் பத்தி நீ எழுதினதைப் படிச்சா எனக்குச் சிரிப்பு வருது, கூடவே எரிச்சலும் வருது. ஊரெல்லாம் என்னைப் பத்திப் பேசறவரு என்கிட்ட என்ன பேசறாரு தெரியுமா? "சாப்பிட்டியா? சரி, இந்தா, அக்காகிட்ட குடுக்கறேன்." அவ்வளவுதான். உனக்கு அவரு மருந்து சாப்பிட மறந்தது, செருப்பை மாத்திப் போட்டுக்கிட்டுப் போனது எல்லாம் தெரியும். எனக்கு ஒண்ணும் தெரியாது. அந்தப் பக்கத்துல நின்னு என்னைப் பார்த்துப் பொறாமைப்படறியே, இந்தப் பக்கம் கொஞ்சம் வந்து பாரு.

வாலு


மார்ச் 4

சின்னவளுக்கு,

"விலங்குகள் தந்து உதவியவர்." நன்றாக இருக்கிறது. தீவனம் விற்கிறவரையும் அப்படித்தான் போடுவார்கள்.

ஐந்தாம் எண்ணைத் தாராளமாகக் காட்டு. முதல் படமாகவே காட்டு.

தலைவர் நேற்று என்னை அழைத்து, உன் மென்பொருள் இங்கே வந்துவிட்டால் வரைபடம் பார்க்கும் வேலைக்கு ஆள் தேவைப்படாது, நான் விலங்குப் பராமரிப்பை மட்டும் பார்த்துக்கொள்ளலாம் என்றார். ஏதோ பெரிய சலுகை தருகிறவர் போலச் சொன்னார். மூத்த ஆராய்ச்சியாளர் பதவிக்கு என் பெயரும் இருக்கிறதே என்று கேட்டேன். "பார்க்கலாம், பார்க்கலாம்" என்று சொல்லிக்கொண்டே கைப்பேசியை எடுத்துக்கொண்டார்.

பள்ளியில் நான் முதல் மாணவியாக வந்த வருஷம் உனக்கு அம்மை போட்டது. வீடு முழுக்க உன்னையே சுற்றி நின்றது. என் பரிசுக் கோப்பையில் உனக்கு மருந்து கலக்கினார்கள். உனக்கு நினைவிருக்காது, சின்னக் குழந்தை. எனக்கு இருக்கிறது.

ஐந்தாம் எண்ணைப் பற்றி இன்னொன்று சொல்ல வேண்டும் என்று ஆரம்பித்தேன். வேண்டாம். நீயே பார்த்துக்கொள்.

அக்கா


மார்ச் 16

அக்கா,

இது என்னன்னு உண்மையைச் சொல்லு.

கூட்டத்துக்குப் படம் தயார் பண்ண உட்கார்ந்தேன். சின்ன அலைக்குப் பக்கத்துல பெரிய அலையையும் காட்டினா அழகா இருக்குமேன்னு, புரோகிராம் பெரிய அலையைக் கழிக்கறதுக்கு முன்னாடி இருந்த எண்களை முதல் தடவையா வரைஞ்சு பார்த்தேன். அஞ்சாம் நம்பருக்குப் பெரிய அலையே இல்ல. அது தூங்கவே இல்லக்கா. எழுந்துக்கவும் இல்ல. அப்புறம் எட்டையும் ஒண்ணுக்குக் கீழ ஒண்ணா வெச்சேன். காலையில நீ கூண்டு சுத்தம் பண்ணப் போறப்போ, கதவைத் திறந்த உடனே மத்த ஏழுக்கும் சூடு குபீர்னு ஏறுது. பயம். அஞ்சாவதுக்கு மட்டும் ஒண்ணும் ஆகல. உன்னைப் பார்த்துப் பயப்படாத ஜீவன் அந்த ரூம்ல எதுவும் இருக்க முடியாது, என்னையும் சேர்த்துச் சொல்றேன்.

அது எலி இல்ல. உயிரே இல்ல.

சராசரியைக் கழிச்சு அனுப்பினப்பவே எனக்குச் சந்தேகம் வந்திருக்கணும். நீ எவ்வளவு திருத்தமான ஆளு, உனக்குக் கழிச்சுப் பழக்கமே கிடையாது. உண்மையான சூடு எத்தனைன்னு எனக்குத் தெரியக் கூடாதுன்னுதானே கழிச்ச?

அதை நான் முதல் படமா காட்டப் போறேன்னு எழுதினேன். நீ "தாராளமாகக் காட்டு"ன்னு பதில் போட்ட. அத்தனை பேர் முன்னாடி நான் நிக்கறதை மனசுல ஓட்டிப் பார்த்துட்டுத்தானே எழுதின?

மிச்சத்தை நீ பதில் போட்டதும் எழுதறேன்.


மார்ச் 24

சின்னவளுக்கு,

தண்ணீர்.

ஒரு பிளாஸ்டிக் பாட்டிலில் குழாய்த் தண்ணீரைப் பிடித்து, அதற்குள் ஒரு குப்பியைப் போட்டு, காலிக் கூண்டில் வைத்துத் தட்டின் மேல் ஏற்றினேன். அதுதான் உன் ஐந்தாம் எண். அச்சில் வார்த்த தாளம் என்றாயே, அது குழாய்த் தண்ணீரின் தாளம்.

மன்னிப்புக் கேட்கிறேன் என்று எழுதலாமா என்று பார்த்தேன். பேனா ஓடவில்லை. உண்மையைத்தானே கேட்டாய்? கூட்டத்தில் யாராவது ஒருவர் எழுந்து, "இதுக்குப் பகல் இரவே இல்லையே" என்று கேட்பார், உன் முகம் எப்படிப் போகும் என்று பார்த்தேன். ஒரு தடவை இல்லை, பல தடவை. பார்க்க இனித்தது. அதுதான் உண்மை.

நான் கண்ணைக் கெடுத்துக்கொண்டு ஒவ்வொரு சிற்றலைக்கும் கோடு போட்டவள். மாமியார் கடித்த தழும்பு என் கட்டை விரலில் இன்னும் இருக்கிறது. நீ எலியைக் கையில் பிடித்ததே இல்லை. வீட்டில் எலி வந்தால் நாற்காலி மேல் ஏறுகிறவள் நீ. அப்படிப்பட்டவள் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, டீ குடிக்கிற நேரத்தில் என் வேலையை முடித்துவிட்டேன் என்கிறாய். உலகம் உன்னைக் கூப்பிட்டு மேடை போடுகிறது. என்னைத் தீவனக்கிடங்குக்கு அனுப்புகிறது.

ஆனால் இதையும் யோசித்துப் பார். நான் கெட்டவள், சரி. அதற்காக உன் மென்பொருள் நல்லது ஆகிவிடுமா? தண்ணீருக்குப் பச்சை விளக்குக் காட்டிய ஒன்றை எந்த முகத்தோடு விலங்குகளுக்குப் பயன்படுத்தப் போகிறாய்?

அக்கா


ஏப்ரல் 7

அக்கா,

நீ கேட்ட கேள்வி என்னைத் தூங்க விடல. ஊரையே ஏமாத்திட்டேனோன்னு பயந்து, புரோகிராமை வரி வரியா பிரிச்சுப் பார்த்தேன். அதுல தப்பு இல்ல. தண்ணிக்கு உண்மையிலேயே தாளம் இருக்கு.

தண்ணி தானா சூடாகாது, தானா ஆறாது. ஏதோ ஒண்ணு அதைச் சூடாக்கி ஆறவெக்குது. ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை, தவறாம. உன் ரூம்ல அப்படி நின்னு நின்னு ஓடறது எது?

அதுக்கப்புறம் செஞ்சதை எழுதறதுக்குத்தான் தயங்கறேன். பாட்டிலோட அலையை மத்த ஏழுக்கும் மேல வெச்சுப் பார்த்தேன். நாலு எலிக்கு அப்படியே பொருந்துது. அது ஏறும்போது இதுவும் ஏறுது, அது இறங்கினா இதுவும் இறங்குது. அப்புறம் உன் பழைய கட்டுரையை எடுத்து, அதுல இருக்கற படங்களையும் அளந்தேன். அதே தாளம். எல்லா எலிக்கும் ஒரே தாளம்னு நீ சொன்னது சரிதான்க்கா. ஆனா அது எலியோடது இல்ல போலிருக்கு. ரூமோடது.

நீ உண்மையைச் சொன்னதால நானும் சொல்றேன். அது தெரிஞ்ச உடனே நான் கையைத் தட்டினேன், தனியா உட்கார்ந்துக்கிட்டு. சின்ன வயசுலேர்ந்து "அக்காவைப் பாரு, ஒரு கணக்குல ஒரு தப்பு வருதா பாரு"ன்னு சொல்லியே என்னை வளர்த்தாங்க. அந்த அக்காவோட தப்பு என் கையில. கொஞ்ச நேரம்தான். நீ எனக்குக் குழி வெட்டின, சரி. அந்தக் குழிக்குள்ள நீயே நிக்கறதைப் பார்த்து நான் கை தட்டினேனே, அப்போ நான் மட்டும் என்ன ஒழுங்கு?

கூட்டத்துலேர்ந்து என் பேரை எடுத்துடச் சொல்லிட்டேன். உன் தலைவருக்கு நான் எதுவும் எழுதப் போறதில்ல. இது உன் ரூம், உன் எலி, உன் கட்டுரை. என்ன செய்யணும்னு நீ முடிவு பண்ணு.

வாலு


மே 2

சின்னவளுக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டுச் சமையலறையில் நின்றேன். அடுப்பில் வைத்திருந்த பால் பொங்கி வழிந்தது. அப்பா வந்து அடுப்பை அணைத்துவிட்டு, "யாருக்காவது உடம்பு சரியில்லையா?" என்றார். இல்லை என்றேன். "சின்னவ திட்டி எழுதியிருக்காளா?" என்றார். திட்டியிருந்தால் பரவாயில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

முதலில் உன்னைப் பொய்யாக்கத்தான் கிளம்பினேன். விலங்கறையில் ஒரு ஸ்டூலைப் போட்டு, கையில் வெப்பமானியோடு உட்கார்ந்தேன். சுவரில் இருக்கும் காட்டி எப்போதும் போல ஒரே எண்ணைக் காட்டிக்கொண்டிருந்தது. ஆனால் என் கையில் இருந்தது மெல்ல ஏறியது. குளிரூட்டும் இயந்திரம் ஓடாமல் நின்றிருந்தது. கொஞ்ச நேரம் கழித்து அது தடாலென்று உறுமிக்கொண்டு கிளம்பியதும், அதுவரை தீவனத்துக்கு ஓடியாடிக்கொண்டிருந்த எலிகள் எல்லாம் ஒன்றாகச் சுருண்டு படுத்தன. எத்தனை வருஷமாக அந்தச் சத்தத்தைக் கேட்டிருக்கிறேன்! அது என் காதில் விழுந்ததே இல்லை.

இயந்திரம் பார்க்கும் மெக்கானிக்கைக் கூப்பிட்டேன்.

"இது ஏன் இப்படி நின்னு நின்னு ஓடுது?"

"உள்ள ஐஸ் கட்டிக்கும் மேடம். அதை உருக்கறதுக்கு ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை தானா நிக்கும். வாங்கினதுலேர்ந்து அப்படித்தான்."

"சுவர்ல இருக்கற காட்டியில எதுவும் தெரியலையே?"

"அது சராசரிதானே காட்டும்."

சராசரி. உனக்குச் சிரிப்பு வரும், சிரித்துக்கொள்.

நிலவறையில் பழைய நாற்காலிகள் போட்டு வைத்திருந்த ஒரு அறை இருக்கிறது. சுவர் தடிமன், இயந்திரம் கிடையாது, எப்போதும் ஒரே குளிர்ச்சி. நாற்காலிகளை நானே வெளியே இழுத்துப்போட்டு, கழுவிவிட்டு, கூண்டுகளை இறக்கினேன். மீன்காரர் பார்த்துவிட்டு, "வீடு மாத்தறீங்களா?" என்றார். எலிகள் புது இடத்துக்குப் பழகும்வரை காத்திருந்து, மறுபடியும் அளந்தேன்.

புது கார்டு இதில் இருக்கிறது. எதையும் கழிக்கவில்லை. ஏழு எலிகள், ஒரு பாட்டில். எது எது என்று கோப்பின் மேலேயே எழுதியிருக்கிறேன். வரைந்து பார்க்க எனக்கும் தெரியும். கோடு போட ஸ்கேலை எடுத்தேன், வைத்துவிட்டேன். என் கண் மீது இப்போது எனக்கே நம்பிக்கை இல்லை. எனக்கு வேண்டியதைத்தான் அது பார்க்கும்.

நீ பார்த்துச் சொல். இனிப்புத் தடவாமல் சொல்.

அக்கா


மே 14

அக்கா,

கார்டு வந்த அன்னிக்கே ஓட்டிட்டேன். தடவாம சொல்றேன்.

பாட்டில் கம்முனு கிடக்கு. சிவப்பு விளக்கு. ரெண்டு ஆண் எலி, குட்டி போடாத ரெண்டு பெண் எலி, நாலுக்கும் சிவப்பு. அந்தத் தாளம் போயே போச்சு. அந்த நாலும் முழுக்க முழுக்க இயந்திரத்துக்குத்தான் ஆடியிருக்கு.

ஆனா பால் குடுக்கற மூணு தாய் எலி இருக்கே, அதுங்களுக்குப் பச்சை! மூணு தடவை ஓட்டிப் பார்த்துட்டேன், ரெண்டு வழியில சோதிச்சிட்டேன். சின்ன அலை அப்படியே இருக்கு. ஆனா ரெண்டு மணி நேரம் இல்ல. ஒவ்வொருத்திக்கும் ஒவ்வொரு வேகம். ஒருத்தி சீக்கிரம் சீக்கிரமா, ஒருத்தி நிதானமா. மாமியார்தான் எல்லாரையும்விட நிதானம். கார்டுல கூடவே இருந்த உன் விலங்குக் குறிப்பையும் பார்த்தேன். குட்டி நிறைய இருக்கறவளுக்கு வேகம், குறைச்சலா இருக்கறவளுக்கு நிதானம். மூணை வெச்சு எதையும் அடிச்சுச் சொல்லக் கூடாது. ஆனா பால் குடுக்கறதுக்கும் எழுந்து போய்த் தின்னுட்டு வர்றதுக்கும் நடுவுல அவ உடம்பு ஏறி இறங்குதோ என்னவோ. அதை நீதான் பார்த்துச் சொல்லணும். எனக்கு எலின்னா நாற்காலி மேலதான்.

ஆக, உன் கட்டுரையில பாதி விழுந்துடுச்சு. மிச்சப் பாதி நீ எழுதினதைவிட நல்லா இருக்கு. நான் ஒரு வார்த்தைகூடக் கூட்டிச் சொல்லல.

என் புரோகிராம்லயும் பெரிய ஓட்டை இருந்தது. தாளம் இருக்கான்னு மட்டும் பார்த்துச்சு, யாரோட தாளம்னு கேட்கவே இல்ல. இப்போ மாத்திட்டேன். ரூமோட சூட்டையும் சேர்த்துக் குடுக்கலேன்னா பதிலே சொல்லாது, மூஞ்சியைத் திருப்பிக்கும். ரெண்டு பேரும் சேர்ந்து எழுதுவோமா? உன் பேரு முதல்ல. "உதவியவர்" எல்லாம் வேண்டாம்.

ஒண்ணு சொல்லட்டுமா? அந்த நிலவறையில உட்கார்ந்து அந்தத் தாய் எலிங்களைப் பார்த்துக்கிட்டு இருக்கியே, அது எனக்கு வேணும்போல இருக்கு. எனக்குக் கிடைக்கறதெல்லாம் கோடு மட்டும்தான். இங்க லீவு வருது. வரட்டுமா?

வாலு


ஜூன் 3

சின்னவளுக்கு,

தலைவரிடம் சொல்லிவிட்டேன். போவதற்கு முன்னால் முகம் கழுவிக்கொண்டு, நல்ல புடவையாகப் பார்த்துக் கட்டிக்கொண்டு போனேன், ஏதோ பெண் பார்க்க வருகிறார்கள் போல. "என் கட்டுரையில் பாதி தவறு, அதை வெளியிட்ட பத்திரிகைக்குத் திருத்தம் எழுதிவிட்டேன்" என்றேன்.

"இதை நீங்க என்கிட்ட முதல்ல கேட்டிருக்கணும்."

"கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்பீங்க?"

"கொஞ்சம் பொறுங்கன்னு சொல்லியிருப்பேன்."

"அதனாலதான் கேட்கல."

போன வாரம் மூத்த ஆராய்ச்சியாளர் பதவியை அறிவித்தார்கள். மீன்காரருக்குக் கொடுத்துவிட்டார்கள். நடைக்கூடத்தில் எல்லாருக்கும் கை கொடுத்துக்கொண்டிருந்தார். நானும் கொடுத்தேன். கை ஈரமாக இருந்தது. மீனைப் போலவே. என்ன கண்டுபிடித்தார் அந்த ஆள்? மீன் நீந்துகிறது என்று கண்டுபிடித்தார். சாப்பிட உட்கார்ந்தால் அந்தச் சிரிப்புதான் கண் முன்னால் வருகிறது. ஆக, பொறாமைப்பட எனக்கு ஆள் மாறிவிட்டது. உனக்கு விடுதலை. முழு விடுதலை என்று நினைத்துக்கொள்ளாதே. வாரத்தில் ஓரிரு நாள் உனக்கும் ஒதுக்குவேன்.

சேர்ந்து எழுதுவோம். என் பெயர் முதலில் வேண்டாம் என்று பெருந்தன்மையாகச் சொல்லலாம் என்றுதான் பார்த்தேன். பொய் எதற்கு? முதலில் போடு. பாட்டிலைப் பற்றியும் எழுத வேண்டும். ஏன் வைத்தேன் என்பதை மட்டும் நமக்குள் வைத்துக்கொள்வோமா என்று கேட்க நினைத்தேன். நீ சொல்கிறபடி.

நிலவறைக்கு மேலும் ஐந்து தாய் எலிகளைக் கொண்டுவந்திருக்கிறேன். தலைவர் வேண்டாம் என்று சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை. மாமியார் மறுபடியும் போட்ட குட்டிகள் கண் திறந்துவிட்டன. ஒன்று அவளைப் போலவே என் கிளவுஸைக் கடித்துத் துப்பியது.

வா. கட்டாயம் வா. ஆனால் அப்பாவிடம் நான் இன்னும் சொல்லவில்லை, நீயும் போனில் சொல்லிவிடாதே. நீ வருகிறாய் என்று தெரிந்துவிட்டால், அன்றிலிருந்தே உன் அறையைப் பெருக்குவார், மெத்தையை வெயிலில் போடுவார், வாசலுக்கும் உள்ளுக்குமாக நடப்பார். நான் சாப்பிட்டேனா என்று கேட்கக்கூட மறந்துவிடுவார். இப்போதெல்லாம் மாலையில் நான் வந்ததும், எலிகள் என்ன செய்கின்றன என்று என் எதிரே உட்கார்ந்து கேட்கிறார். நீ வந்து நிற்கிற நாள்வரைக்கும் அது எனக்கே இருக்கட்டும்.

அக்கா